ரேடியஸ் கிளையன்ட்களைக் குழுவாக நிர்வகிக்க எந்த வழி?

802.1எக்ஸ் (போர்ட்டில் செருகுபவரைச் சரிபார்த்த பிறகே நெட்வொர்க்குக்குள் விடும் முறை) போட்ட வளாகத்தில் ஒரு லேப்டாப்பைச் செருகும்போது அதன் பயனரைச் சரிபார்ப்பது ஸ்விட்ச் அல்ல. லேப்டாப் சொல்வதை, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் ரேடியஸ் சர்வரிடம் எடுத்துப்போய், 'விடு', 'விடாதே', 'இந்த வீலேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில்) போடு' என்று வரும் பதிலை நிறைவேற்றும் முகவர்தான் அது. வயர்லெஸ் கன்ட்ரோலர், தனி ஆக்சஸ் பாயின்ட், விபிஎன் ஃபயர்வால் எல்லாம் இதே வகை. ரேடியஸ் சர்வரின் கணக்கில் இவை அனைத்தும் கிளையன்ட்கள்.

ஐந்து கிளையன்ட் இருக்கும்வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினால் போதும். அறுபதாகும்போது சிக்கல் தொடங்கும். ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். முதன்மை வளாகத்தில் 40 ஸ்விட்ச், விடுதியில் 12, கிளை வளாகத்தில் 6, இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலர், ஒரு ஃபயர்வால். பயனர் வகை நான்கு: ஆசிரியர், மாணவர், ஆய்வகக் கணினி, பிரின்டர். மூன்று இடத்திலும் வீலேன் எண்கள் வேறு. ஆக, 3 இடம், 4 வகை என 12 விதமான பதில்களைச் சர்வர் தர வேண்டும். இந்தப் பன்னிரண்டையும் எங்கே, யார் எழுதிவைக்கிறார்கள் என்பதில்தான் கீழே பார்க்கும் வழிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

அவசரக்காரர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்து, கருவிகளின் ஐபி நிலையாக இருந்தால் ஃப்ரீரேடியஸ் என்ற திறமூல ரேடியஸ் சர்வரின் கிளையன்ட் கோப்பே போதும். வாரம்தோறும் கருவி சேர்ந்துகொண்டிருந்தால் அதே ஃப்ரீரேடியஸை டேட்டாபேஸுடன் இணைக்கலாம். பயனர் கணக்கெல்லாம் ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் சர்வரின் பயனர் பதிவேடு) இருந்து, லினக்ஸுக்கு ஆள் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் ரேடியஸ் சர்வரான என்பிஎஸ். கட்டுப்பாட்டைத் திரையில் சொடுக்கித்தான் செய்ய வேண்டும், ஸ்விட்ச் ரகங்கள் கலந்து கிடக்கின்றன என்றால் பேக்கெட்ஃபென்ஸ். பணமும் சிஸ்கோ ஆட்களும் இருந்தால் சிஸ்கோவின் ஐஎஸ்இ. இனி ஏன் என்று பார்ப்போம்.

சர்வர் கருவியை எப்படி அடையாளம் காண்கிறது

எந்த வழியை எடுத்தாலும் இதைப் புரிந்துகொள்ளாமல் குழு பிரித்தால் பிறகு எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். ரேடியஸ் யூடிபியில் ஓடுகிறது. அங்கீகாரத்துக்கு 1812, கணக்குப்பதிவுக்கு 1813. பாக்கெட் வந்ததும் சர்வர் முதலில் பார்ப்பது அது எந்த ஐபியிலிருந்து வந்தது என்பதை. அந்த ஐபிக்கு எழுதிவைத்த ஷேர்டு சீக்ரெட்டை (சர்வரும் கருவியும் மட்டும் அறிந்த பொதுக் கடவுச்சொல்) வைத்துத்தான் மற்ற எல்லாம். பாக்கெட்டுக்கு உள்ளே நாஸ்-ஐபி-அட்ரஸ், நாஸ்-ஐடென்டிஃபையர் (நாஸ் என்றால் ரேடியஸ் கிளையன்டாக இருக்கும் கருவி) என்று வேறு விவரங்களும் இருக்கும். இவை கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. வந்த ஐபியும் சொல்லும் ஐபியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மூன்று இடங்களில் இவை பிரியும். ஒன்று, லேயர் 3 ஸ்விட்ச், அதாவது ரூட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச். அதற்குப் பல ஐபி இருக்கும்; ரேடியஸ் பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸிலிருந்து கிளம்ப வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால் ரூட்டிங் மாறும் நாளில் மூல ஐபியும் மாறும். ஃபைபர் அறுந்து மாற்றுப் பாதை எழும்பிய அன்று ஒரு கட்டடத்தில் மட்டும் யாரும் உள்ளே வர முடியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூல இன்டர்ஃபேஸை லூப்பேக்கிலோ (கேபிளைச் சாராத மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) மேலாண்மை வீலேனிலோ கட்டிவைப்பது குழு பிரிப்பதற்கு முந்தைய வேலை.

இரண்டு, நாட்டிங், அதாவது பல உள் ஐபிகளை ஒரே வெளி ஐபியாக மாற்றி அனுப்புவது. கிளை வளாகத்தின் ஆறு ஸ்விட்சும் ஒரே பிராட்பேண்ட் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் சர்வருக்கு ஒரே கிளையன்ட்தான் தெரியும். ஆறுக்கும் ஒரே சீக்ரெட்தான் வைக்க முடியும். அந்த ஐபியும் அடிக்கடி மாறினால் யூடிபி ரேடியஸ் அங்கே சரிப்படாது. தளங்களுக்கு இடையே ஐபிசெக் அல்லது வயர்கார்டு டனல் போட்டு உள் ஐபியோடு கொண்டுவர வேண்டும், அல்லது டிஎல்எஸ்ஸுக்குள் ரேடியஸ் செல்லும் ராட்செக் வேண்டும். ராட்செக்குக்கு டிசிபி 2083. கருவியை ஐபியால் அல்லாமல் சான்றிதழால் அடையாளம் காணும். ஃப்ரீரேடியஸ் இதைச் செய்யும், என்பிஎஸ் செய்யாது. பலருக்கு இந்த ஒரு வரியே தேர்வை முடித்துவிடும்.

மூன்று, வயர்லெஸ் கன்ட்ரோலர். நூறு ஆக்சஸ் பாயின்ட் இருந்தாலும் பாக்கெட் வருவது பெரும்பாலும் கன்ட்ரோலரின் ஐபியிலிருந்து. 'விடுதி வைஃபை', 'நூலக வைஃபை' என்று ஐபியை வைத்துப் பிரிக்க வழியில்லை. அங்கே உதவுவது பாக்கெட்டுக்குள் வரும் கால்டு-ஸ்டேஷன்-ஐடி என்ற விவரம். ஆக்சஸ் பாயின்டின் மேக் முகவரி, அதை ஒட்டி எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்) என்ற வடிவில் வரும். சில கன்ட்ரோலர்களில் ஆக்சஸ் பாயின்ட் பெயரையோ ஏபி குழுப் பெயரையோ இதில் அனுப்பும்படி மாற்றலாம். மாற்றிவிட்டால் மேக் பட்டியல் பராமரிக்கும் தொல்லை போகும். கிளவுடில் நிர்வகிக்கும் ஆக்சஸ் பாயின்ட்களில் நிலைமை பெரும்பாலும் நேரெதிர்: ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் தானே ஒரு கிளையன்டாக வந்து நிற்கும்.

இதிலிருந்து வரும் விதி எளிது. கருவி எந்தக் குழு என்பதைக் கூடியவரை மூல ஐபியை வைத்து, சர்வர் பக்கம் எழுதிய பதிவிலிருந்து எடுங்கள். கருவி சொல்வதை நம்புவது வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும். சில மலிவான ஆக்சஸ் பாயின்ட்கள் தம் நாஸ்-ஐபி-அட்ரஸ் 127.0.0.1 (எந்தக் கருவியிலும் தன்னையே குறிக்கும் ஐபி) என்று அனுப்புவதும் உண்டு.

பன்னிரண்டை முதலில் நான்காக்கிப் பாருங்கள்

வீலேன் ஒதுக்க சர்வர் மூன்று விவரங்களை அனுப்புகிறது: டனல்-டைப் 13, டனல்-மீடியம்-டைப் 6, டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி. மூன்றாவதில் வீலேன் எண் வர வேண்டும் என்றுதான் ஆர்எஃப்சி 3580 (இணைய நெறிமுறை ஆவணம்) சொல்கிறது. ஆனால் சிஸ்கோ கேட்டலிஸ்ட், எச்பிஇ அருபா போன்றவை எண்ணுக்குப் பதில் வீலேனின் பெயரையும் ஏற்கும். முதன்மை வளாகத்தில் 110, விடுதியில் 210, கிளையில் 310 என்று எண் வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் 'ஆசிரியர்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் சர்வர் அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும்; எண்ணை ஸ்விட்சே பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு பதில் நான்காகிவிடும். இடவாரிக் குழுக்களில் பாதிக்கு அப்புறம் வேலையே இராது.

பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் கவனம் வேண்டும். ஒரு ஸ்விட்சில் பெயரை வேறுமாதிரி தட்டியிருந்தால் சர்வர் லாகில் 'அனுமதித்தேன்' என்றே இருக்கும், ஸ்விட்ச் மட்டும் போர்ட்டைத் திறக்காது. சர்வர் லாகை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடவே பிடிபடாது. ஆகவே பெயர்களை முதலில் எல்லா ஸ்விட்சிலும் ஒரே ஸ்கிரிப்டால் ஏற்றி, வீலேன் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் சர்வரைத் தொட வேண்டும். பழைய அல்லது மலிவான ஸ்விட்ச்கள் எண்ணை மட்டும்தான் ஏற்கும் என்றால் இந்தச் சுருக்குவழி உங்களுக்கு இல்லை.

ஃப்ரீரேடியஸ், வெறும் கோப்பு

3-ஆம் பதிப்புத் தொடரை வைத்துச் சொல்கிறோம். கிளையன்ட் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐபி, சீக்ரெட், குறும்பெயர் உண்டு. ஐபி இருக்கும் இடத்தில் 10.20.8.0/24 என்று முழு சப்நெட்டையே (அடுத்தடுத்த ஐபிகளின் தொகுதி) கொடுக்கலாம். ஒரு சப்நெட்டுக்குள்ளேயே ஒரு கருவிக்கு மட்டும் தனிப் பதிவு எழுதினால் குறுகலான பதிவுதான் வெல்லும். எனவே விடுதிக்கு ஒரு சப்நெட், அதில் தகராறு பண்ணும் ஒரு பழைய ஸ்விட்சுக்கு மட்டும் தனிப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோப்பில் பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளையன்ட் பதிவிலும் நம் விருப்பப்படி புதிய புலங்களை எழுதலாம்: இடம், ஆசிரியர் வீலேன், மாணவர் வீலேன் என்று. விதி எழுதும்போது 'இந்தக் கிளையன்டின் ஆசிரியர் வீலேன் புலத்தில் உள்ளதைப் பதிலில் போடு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பன்னிரண்டு பதில்கள் நான்கு விதிகளாகவும் மூன்று சப்நெட் பதிவுகளாகவும் பிரிந்துவிடும். நாளை நான்காவது வளாகம் வந்தால் ஒரு பதிவு சேர்ப்பதோடு வேலை முடிந்தது. விதிகளைத் தொடவே வேண்டாம். இந்தக் கட்டுரையில் வரும் வழிகளில் இதுதான் மிகக் குறைந்த எழுத்தில் முடிவது.

இதற்கு மாற்றாகப் பழைய பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் ஹன்ட்குரூப் கோப்பைக் காட்டும். குழுப் பெயர், பக்கத்தில் நாஸ்-ஐபி-அட்ரஸ் என்று வரிவரியாக எழுதுவது. வேலை செய்யும். ஆனால் அது வழக்கமாகப் பார்ப்பது கருவி சொல்லும் ஐபியை. மேலே சொன்ன லூப்பேக், நாட்டிங் குழப்பம் எல்லாம் அப்படியே இதில் இறங்கும். போதாததற்கு ஒரே கருவியை இரண்டு கோப்பில் பராமரிக்க வேண்டும். ஒரே சப்நெட்டுக்குள் போர்ட் வாரியாகப் பிரிக்க வேண்டிய அபூர்வத் தேவை இருந்தால் ஒழிய புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொட வேண்டியதில்லை.

கோப்பு முறையின் குறை, மாற்றம் செய்தால் ரீலோடு போதாது என்பது. புதிய கிளையன்ட் பதிவுகளைப் படிக்க சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பயனர்களுக்கு ரீஸ்டார்ட்டால் ஒன்றும் ஆகாது. அவர்களுடைய போர்ட் மறு அங்கீகார நேரம் வரை திறந்தே இருக்கும். அந்த நொடியில் பாதி வழியில் இருக்கும் ஈஏபி (802.1எக்ஸ் பயனரைச் சரிபார்க்கும் நெறிமுறை) உரையாடல்கள் மட்டும் அறுந்து மறுபடி தொடங்கும். பயப்பட வேண்டியது ரீஸ்டார்ட்டையல்ல, கோப்பில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய் சர்வீஸ் எழாமலே கிடப்பதை. எனவே ஒவ்வொரு முறையும் முதலில் பெரிய எக்ஸ், சி என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டி கோப்புகளைச் சோதித்துவிட்டு, பிறகு ரீஸ்டார்ட். இரண்டு சர்வர் இருந்தால் ஒன்றை முடித்து, லாகில் பாக்கெட் வருவதைப் பார்த்துவிட்டு அடுத்தது.

சீக்ரெட்டில் # குறி இருந்து மேற்கோளுக்குள் போடாவிட்டால் அதற்குப் பின்னுள்ளது குறிப்பாகிவிடும். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட 32 எழுத்துச் சீக்ரெட் போதும். குறைந்தது 16 எழுத்தாவது இருப்பது நல்லது என்கிறது ஆர்எஃப்சி 2865.

ஃப்ரீரேடியஸ், டேட்டாபேஸோடு

இதில் கிளையன்ட்கள் நாஸ் என்ற அட்டவணையில் இருக்கும். ஐபி, குறும்பெயர், சீக்ரெட் ஆகியவை அதில் வரிகளாக உட்காரும். குழுவுக்குத் தனி அட்டவணை ஒன்றை நீங்களே சேர்த்து, விதிக்குள்ளிருந்து வினவி எடுக்க வேண்டும். கருவிக் கணக்கை வைத்திருக்கும் இணையப் பக்கமோ ஸ்கிரிப்டோ நேராக இதில் எழுதலாம் என்பது பெரிய வசதி. ஸ்விட்ச் வாங்கியதைப் பதிவேட்டில் ஏற்றுபவர் ஒருவர், ரேடியஸில் ஏற்றுபவர் இன்னொருவர் என்ற இரட்டை வேலை போய்விடும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் வரி சேர்த்தவுடன் சர்வருக்குத் தெரிந்துவிடும் என்று நினைப்பார்கள். தெரியாது. நாஸ் அட்டவணையை ஃப்ரீரேடியஸ் தொடங்கும்போது ஒருமுறைதான் படிக்கும். ரீஸ்டார்ட் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் டைனமிக் கிளையன்ட் வசதியை இயக்க வேண்டும்: மேலாண்மை சப்நெட்டை மட்டும் அறிவித்துவிட்டு, அதிலிருந்து தெரியாத ஐபி பேசும்போது டேட்டாபேஸில் தேடி எடுக்கச் சொல்வது. எடுத்த பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை நொடியில் சொல்லலாம். மாதிரிக் கோப்பில் 3600 இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் சீக்ரெட்டை மாற்றினால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும், 'மாற்றியும் வேலை செய்யவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். 0 கொடுத்தால் காலாவதியே ஆகாது. அதைத் தெரியாமல் போட்டுவிட வேண்டாம்.

டேட்டாபேஸ் படுத்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். கிளையன்ட்கள் நினைவில் இருக்கும்; குழுவைக் கேட்கும் வினவல் தோற்கும்; விதி எழுதிய விதத்தைப் பொறுத்து எல்லோரும் மறுக்கப்படலாம், அல்லது குழு வெற்றாகி எல்லோரும் இயல்பு வீலேனில் விழலாம். இரண்டாவது இன்னும் ஆபத்து, ஏனெனில் யாரும் புகார் செய்யமாட்டார்கள். ஒவ்வொரு ரேடியஸ் சர்வரிலும் டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகலை உள்ளூரிலேயே வைப்பது இதற்கு நல்ல மருந்து. அறுபது கருவிக்கு இத்தனை ஏற்பாடு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சில நூறு கருவியும், அவற்றைச் சேர்த்து நீக்கும் பல கைகளும் இருக்கும் இடத்துக்கு இது பொருந்தும்.

என்பிஎஸ்

விண்டோஸ் சர்வர் உரிமத்துக்குள் இதுவும் வருவதால் 'இலவசம்தானே' என்று தொடங்குபவர்கள் அதிகம். 2008 காலத்து ஸ்டாண்டர்ட் பதிப்பில் 50 கிளையன்ட் என்ற வரம்பு இருந்தது. 2016 முதல் ஸ்டாண்டர்டிலும் வரம்பு இல்லை, சப்நெட்டாகவும் கொடுக்கலாம்.

என்பிஎஸ்ஸில் கிளையன்ட் குழு என்று தனியாக ஒன்று கிடையாது. பெயரே குழு. ஒவ்வொரு கிளையன்டுக்கும் வைக்கும் நட்புப் பெயரை, கொள்கையின் நிபந்தனையில் வடிவமாகப் பொருத்திப் பார்க்கலாம். 'விடுதி-' என்று தொடங்கும் எல்லாக் கருவியும் இந்தக் கொள்கைக்கு வரட்டும் என்பதுபோல. பெயர் சர்வர் பக்கம் எழுதியது என்பதால் நம்பலாம். நாஸ் ஐபிவி4 அட்ரஸ் நிபந்தனையைவிட இதுவே மேல். வடிவத்தின் தொடக்கத்தில் ^ குறி போட மறக்கக்கூடாது. போடாவிட்டால் 'விடுதி-' என்ற வடிவம் 'புதுவிடுதி-' என்று தொடங்கும் பெயருக்குள்ளும் பொருந்தி, இரண்டு இடத்துக்கும் ஒரே வீலேன் போய்ச் சேரும். கொள்கைகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு முதலில் பொருந்துவதே எடுக்கப்படும். ஆக, தவறான பொருத்தம் மேலே இருந்தால் கீழே சரியாக எழுதியது கண்ணில் படவே படாது.

பன்னிரண்டு பதில் என்ற கணக்கில் என்பிஎஸ் தோற்கிறது. கொள்கையில் வீலேன் எண்ணை நிலையாகத்தான் எழுத முடியும், கிளையன்டிலிருந்து எடுத்து நிரப்ப வழியில்லை. 3 இடம், 4 வகை என்றால் 12 கொள்கை. ஐந்தாவது வகை வந்தால் 15. வீலேன் பெயர் முறையை மட்டும் கொண்டுவந்துவிட்டால் இதுவும் நான்கில் அடங்கும்; என்பிஎஸ் எடுப்பவர் அதைக் கட்டாயமாகச் செய்துவிட வேண்டும்.

இரண்டு சர்வர்களுக்கு இடையே தானாக ஒத்திசைவும் கிடையாது. ஒன்றில் மாற்றி, பவர்ஷெல்லில் ஏற்றுமதி செய்து, மற்றொன்றில் இறக்குமதி செய்ய வேண்டும். இறக்குமதி அங்கிருப்பதை முழுவதும் அழித்து எழுதும். ஏற்றுமதிக் கோப்பில் எல்லாச் சீக்ரெட்டும் பச்சையாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், மெயிலில் அனுப்பாதீர்கள். இரண்டு சர்வரும் தனித்தனிச் சான்றிதழ் வைத்திருந்தால் இறக்குமதிக்குப் பிறகு இரண்டாவதில் பீப் (சான்றிதழ் பாதுகாப்புக்குள் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஈஏபி வகை) அமைப்பைத் திறந்து சான்றிதழை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் சர்வர் விழும் அன்றுதான் தெரியவரும்.

பிழை தேட இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நிகழ்வு 13 என்றால் பட்டியலில் இல்லாத ஐபியிலிருந்து பாக்கெட் வந்திருக்கிறது. நிகழ்வு 6273, காரணம் 48 என்றால் எந்தக் கொள்கையும் பொருந்தவில்லை. பெரும்பாலும் யாரோ கிளையன்டுக்கு வழக்கத்துக்கு மாறான பெயர் வைத்திருப்பார்கள். எந்த நிகழ்வுமே பதிவாகவில்லை, சர்வர் 2019 என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். அந்தப் பதிப்பில் என்பிஎஸ்ஸுக்கான இயல்பு ஃபயர்வால் விதி இருப்பதுபோலத் தெரிந்தும் பாக்கெட்டை விடாத குறை உண்டு. ஐஏஎஸ் (விண்டோஸில் என்பிஎஸ் சேவையின் உள் பெயர்) சேவையின் எஸ்ஐடி வகையை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றி, சர்வரை மறுதொடக்கம் செய்தால் சரியாகும்.

பேக்கெட்ஃபென்ஸ், ஐஎஸ்இ

பேக்கெட்ஃபென்ஸ் திறமூலம்; உள்ளே ஓடுவது ஃப்ரீரேடியஸ்தான். ஸ்விட்ச் குழு என்பதை இதில் உண்மையான குழுவாகவே கட்டியிருக்கிறார்கள். இயல்பு அமைப்பிலிருந்து குழு பெறும், குழுவிடமிருந்து ஸ்விட்ச் பெறும்; எங்கே மாற்றி எழுதினாலும் அந்த ஒரு மதிப்பு மட்டும் மாறும். ஆசிரியர், மாணவர் என்ற ஒவ்வொரு வகைக்கும் எந்த வீலேன் என்பதைக் குழுவின் பக்கத்தில் நிரப்பினால் முடிந்தது. இணைப்பைத் துண்டிக்க எந்த முறை, எஸ்என்எம்பி விவரம், ஸ்விட்ச் ரகம் எல்லாமும் குழுவில் எழுதலாம். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் சோதனை, பதிவு, நடைமுறை என்று மூன்று நிலை இருப்பதால் கட்டடம் கட்டடமாகக் கொண்டுவரவும் தோது.

நாள்பட நாள்பட இதில் சேரும் அழுக்கு ஒன்று உண்டு. 'இன்றைக்கு மட்டும்' என்று யாரோ ஒரு ஸ்விட்சின் பக்கத்தில் நேராக வீலேன் எண்ணை எழுதியிருப்பார். ஆறு மாதம் கழித்துக் குழுவில் எண்ணை மாற்றும்போது அந்த ஸ்விட்ச் மட்டும் மாறாது. ஸ்விட்ச் அமைப்புக் கோப்பை அவ்வப்போது திறந்து, குழு வரியைத் தவிர வேறு வரிகள் உள்ள பதிவுகளை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். உள்ளே உள்ள ஃப்ரீரேடியஸ் கோப்புகளைக் கையால் திருத்தவும் கூடாது. அவை வார்ப்புருவிலிருந்து உருவாகின்றன, அடுத்த ரீஸ்டார்ட்டில் உங்கள் திருத்தம் போய்விடும். சர்வருக்கு 16 ஜிபி நினைவகம் ஒதுக்க வேண்டியிருக்கும். வெறும் ஃப்ரீரேடியஸ் ஒரு சின்ன மெய்நிகர் இயந்திரத்தில் ஓடிவிடும் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

சிஸ்கோவின் ஐஎஸ்இ ஒரு படி மேலே போய், ஒரே கருவியை ஒரே நேரத்தில் பல மரங்களில் வைக்க விடுகிறது. இடம் ஒரு மரம், கருவி வகை இன்னொரு மரம். 'கிளை வளாகத்தின் வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்பதை இரண்டு நிபந்தனையாகச் சொல்லி கொள்கைத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கருவிப் பட்டியலை சிஎஸ்வியாக ஏற்றலாம். குழு நிர்வாகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதுதான் மிகச் சீரானது. உரிமக் கட்டணத்தின் கணக்கு மட்டும் வேறு: ஸ்விட்ச் எண்ணிக்கையை வைத்தல்ல, ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் பயனர் கருவிகளை வைத்து. விடுதியில் ஆயிரம் மாணவர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றால் மாலை 8 மணிக்கு எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு ஐஎஸ்இ, விடுதிக்கு ஃப்ரீரேடியஸ் என்று பிரிப்பதும் நடைமுறையில் ஒத்துவரும்.

ஐஎஸ்இயில் 'இயல்பு நெட்வொர்க் கருவி' என்ற வசதி உண்டு. பட்டியலில் இல்லாத எந்த ஐபியையும் ஒரே சீக்ரெட்டில் ஏற்கும். நிறுவும்போது சௌகரியமாக இருக்கும் என்று இயக்கி, பிறகு அணைக்க மறப்பது வாடிக்கை. ஃப்ரீரேடியஸில் 0.0.0.0/0 (எல்லா ஐபியும்) என்று எழுதுவதும் இதே கதைதான்.

சீக்ரெட்டுக்கு ஒரு குழு, கொள்கைக்கு வேறு குழு

எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். கொள்கைக் குழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்ரெட் குழு சின்னதாக இருக்க வேண்டும். பல ஸ்விட்ச்களின் அமைப்புக் கோப்பில் சீக்ரெட் மறைத்து எழுதியிருப்பதுபோலத் தெரிந்தாலும் எளிதில் திருப்பி எடுத்துவிடலாம். சிஸ்கோவின் வகை 7 அப்படித்தான். கழித்துக்கட்டி விற்ற பழைய ஸ்விட்சைத் துடைக்காமல் கொடுத்திருந்தால் அந்தக் குழுவின் சீக்ரெட் முழுவதும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு ஒரு சீக்ரெட் என்பது நல்ல நடு வழி. சப்நெட்டாக எழுதும் பதிவுகள் மேலாண்மை வீலேனை மட்டும் குறிக்க வேண்டும், பயனர்கள் இருக்கும் சப்நெட் அதில் வரவே கூடாது.

ஒரு குழுவின் சீக்ரெட்டை மாற்ற, சேவை நிற்காத வழி உண்டு. பெரும்பாலான ஸ்விட்சில் சர்வருக்குச் சர்வர் தனிச் சீக்ரெட் எழுதலாம் என்பதைப் பயன்படுத்துவதுதான் அது. முதலில் இரண்டாம் சர்வரில் குழுவின் பதிவை மாற்றுங்கள். பயனர்கள் எல்லோரும் முதல் சர்வரில் போய்க்கொண்டிருப்பார்கள். பிறகு ஸ்விட்ச்களில் இரண்டாம் சர்வருக்கான சீக்ரெட்டை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் சோதனைக் கணக்கால் அந்தச் சர்வரைத் தட்டிப் பாருங்கள். எல்லாம் பதில் சொன்னபின் முதல் சர்வருக்கு அதே வரிசை. நடுவில் முதல் சர்வர் விழுந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதால் வேலை நேரத்தில் செய்ய வேண்டாம்.

சீக்ரெட் பொருந்தாதபோது தெரியும் அறிகுறி எப்போதும் ஒன்றாக இராது. கடவுச்சொல்லைச் சீக்ரெட்டால் மறைத்து அனுப்பும் பேப் முறையில், உதாரணமாக மேக் முகவரியை வைத்து பிரின்டரை விடும் இடங்களில், கடவுச்சொல் குப்பை எழுத்தாக விரிந்து 'மறுப்பு' என்று வரலாம். ஈஏபியில் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் (சீக்ரெட்டை வைத்துப் பாக்கெட்டுக்குப் போடும் முத்திரை) பொருந்தாமல் சர்வர் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். ஸ்விட்ச் பக்கம் 'சர்வர் பதில் சொல்லவில்லை' என்றே தெரியும். ஆக 'சர்வர் இறந்துவிட்டது' என்று ஸ்விட்ச் சொன்னால் கேபிளைத் தேடும் முன் சர்வர் லாகைத் திறக்க வேண்டும். தெரியாத கிளையன்ட், தவறான சீக்ரெட் இரண்டுக்கும் அங்கே தனித்தனி வரி இருக்கும்.

2024 ஜூலையில் வெளிவந்த, சர்வரின் பதிலைப் போலியாக்க இடம்தரும் பிளாஸ்ட்ரேடியஸ் குறைபாட்டுக்குப் பிறகு இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மெசேஜ்-ஆதென்டிகேட்டர் இல்லாத கோரிக்கைகளை ஏற்கலாமா என்று கிளையன்ட்வாரியாகச் சொல்ல வேண்டும். ஈஏபிக்கு அது ஏற்கெனவே கட்டாயம், அதனால் 802.1எக்ஸ் பயனர்களுக்குப் பாதிப்பில்லை. பழைய ஃபர்ம்வேர் ஸ்விட்சின் பேப் கோரிக்கைகள்தான் மாட்டும். ஃப்ரீரேடியஸில் இதைத் 'தானாக முடிவு செய்' என்று விடலாம். முதலில் வரும் பாக்கெட்டைப் பார்த்து அது முடிவெடுக்கும். ஒரே சப்நெட் பதிவுக்குள் புதியதும் பழையதும் கலந்திருந்தால் இந்தத் தானியங்கி முடிவை நம்ப முடியாது. பழைய ஸ்விட்ச்களுக்குத் தனிப் பதிவு எழுதி 'வேண்டாம்' என்றும், மீதிக்கு 'வேண்டும்' என்றும் வெளிப்படையாகவே போட்டுவிடுங்கள். அந்தத் தனிப் பதிவுகளின் பட்டியலே ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டிய பட்டியலும் ஆகிவிடும்.

இணைப்பைத் துண்டிக்கவோ வீலேனை மாற்றவோ சர்வர் அனுப்பும் சிஓஏ செய்தியும் குழுவாரியாக வேறுபடும். ஆர்எஃப்சி 5176 சொல்வது யூடிபி 3799. சிஸ்கோ ஐஓஎஸ் இயல்பாகக் கேட்பது 1700. கலந்த ரகங்கள் இருந்தால் தயாரிப்பாளர்வாரிக் குழு தவிர்க்க முடியாதது இங்கேதான். சர்வரிலிருந்து ஸ்விட்ச் நோக்கிப் போகும் பாக்கெட் என்பதால் நடுவிலுள்ள ஃபயர்வாலில் எதிர்த்திசையிலும் திறக்க வேண்டும்.

மாற்றும் வரிசை

அந்தக் கல்லூரிக்கு எங்கள் தேர்வு கோப்பு முறை ஃப்ரீரேடியஸ் இரண்டு சர்வரில், கோப்புகள் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள்). விடுதியின் 12 ஸ்விட்சில் தொடங்கலாம். ஸ்விட்ச்களில் மூல இன்டர்ஃபேஸ், பிறகு வீலேன் பெயர்கள், பிறகு சர்வரில் விடுதிப் பதிவு. போர்ட்களை முதலில் திறந்த நிலையில் வையுங்கள்: அங்கீகாரம் நடக்கும், தோற்றாலும் இணைப்பு கிடைக்கும். இரண்டு வாரம் லாகில் தோல்விகளைப் பார்த்தால் பட்டியலில் இல்லாத பிரின்டர், கேமரா, வருகைப் பதிவுக் கருவி எல்லாம் வெளியே வரும். அவற்றைப் பதிவு செய்தபின் மூடுங்கள். கிளை வளாகத்துக்கு டனல் எழும்பும்வரை கை வைக்க வேண்டாம். எல்லா இடமும் வந்து சேர்ந்ததும், பழைய கோப்பில் சோதனைக்காக எழுதிய அகலமான சப்நெட் பதிவை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, 'தெரியாத கிளையன்ட்' வரிகள் ஏதும் வருகிறதா என்று மறுநாள் காலை முதல் வகுப்பு நேரத்தில் பாருங்கள்.